"நன்னென்ஸே தெஸ்கா?": ஜப்பானில் வகுப்பைச் சொல்லக் கற்ற கதை

ஜப்பானில் குழந்தையோடு வெளியே கிளம்பினால் ஒரு கேள்வியிடமிருந்து தப்பிக்கவே முடியாது. லிஃப்டில் கூட ஏறும் பாட்டி கேட்பார். பல் டாக்டரிடம் போனால் வரவேற்பில் இருக்கும் பெண் கேட்பார். ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்கும் இன்னொரு அம்மா கேட்பார். "நன்னென்ஸே தெஸ்கா?" எத்தனையாம் வகுப்பு என்று அர்த்தம். பள்ளிக்குப் போகாத வயசு என்றால் "நன்ஸாய் தெஸ்கா?" என்று வயதைத்தான் கேட்பார்கள். முதுகில் ரன்தொஸெரு என்கிற அந்தப் பெட்டி போன்ற பை ஏறிவிட்டால் வயதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. வகுப்புதான் கணக்கு.

நாங்கள் இருப்பது டோக்கியோவை ஒட்டிய கவாசாகியில். நிஷிகஸாய் பக்கம் போல இங்கே இந்தியக் குடும்பங்கள் கூட்டமாக இல்லை. கணவரின் அலுவலகத்தில் ஆங்கிலத்தை வைத்து ஓட்டிவிடலாம். எனக்கும் மகளுக்கும் அந்த வசதி கிடையாது. கோவையில் மெட்ரிக் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவளை இங்கே அரசுப் பள்ளியில் சேர்த்தோம். ஊரில் இருந்தபோதே ஜப்பானிய மொழித் தேர்வின் மிக எளிய படியான என்ஃபைவ் அளவுக்குக் கொஞ்சம் படித்திருந்தேன். அந்தப் பாடப் புத்தகங்களில் எல்லாரும் ஏதோ கம்பெனியில் வேலை பார்ப்பார்கள், ஸ்டேஷன் எங்கே என்று விசாரிப்பார்கள், குடை மறப்பார்கள். பிள்ளை என்ன படிக்கிறது என்ற பேச்சு ஒரு பாடத்தில் பாதிப் பக்கம் வந்து போய்விடும். ஆனால் இங்கே என் ஜப்பானிய வாழ்க்கையில் பாதி அந்தப் பாதிப் பக்கத்தில்தான் நடக்கிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளையோடு ஜப்பான் வருகிறவர்கள் மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இதை விமானத்தில் வரும்போதே மனப்பாடம் செய்துவிடுங்கள் என்பேன்.

முதலில் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியது: இங்கே பள்ளியின் பெயர் முன்னால், எண் பின்னால். நம் ஊரில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே ஏணி. எட்டாவது என்றால் போதும், எந்தப் பள்ளி, எவ்வளவு உயரம், என்ன வயசு எல்லாம் புரிந்துவிடும். ஜப்பானில் ஏணி மூன்று துண்டு. 1947இல் வந்த பள்ளிக் கல்விச் சட்டத்திலிருந்து ஆறு, மூன்று, மூன்று, அப்புறம் பல்கலைக்கழகம் நான்கு என்ற கணக்குதான். ஆறு வருஷத் தொடக்கப் பள்ளி ஷோகக்கோ. மூன்று வருஷ நடுநிலைப் பள்ளி ச்சூகக்கோ. மூன்று வருஷ மேல்நிலைப் பள்ளி கோக்கோ. பல்கலைக்கழகம் தைகக்கு. ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளை ஏழாம் வகுப்புக்குப் போவதில்லை, ச்சூகக்கோவில் ஒன்றாம் ஆண்டுக்குப் போகிறது.

அதனால் "என் அண்ணன் மகன் எட்டாம் வகுப்பு" என்பதை அப்படியே "ஹச்சி நென்ஸே" என்று சொன்னால் எதிரே இருப்பவர் ஒரு நிமிஷம் விழிப்பார். எட்டாம் ஆண்டு மாணவன் என்றதும் அவருக்குத் தோன்றுவது, நாலு வருஷப் படிப்பை முடிக்காமல் கல்லூரியிலேயே குடியிருக்கும் ஆள்தான். (2016இலிருந்து ஷோகக்கோவையும் ச்சூகக்கோவையும் சேர்த்து ஒன்பது வருஷம் ஒரே பள்ளியாக நடத்தும் ஒரு வகை வந்திருக்கிறது. அங்கே மட்டும் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் ஆண்டு என்று சொல்கிறார்கள். அப்படிப்பட்ட பள்ளிகள் குறைவு.)

கணக்கு எளிது. நம் வகுப்பு ஆறு வரை இருந்தால் அதே எண். ஏழு, எட்டு, ஒன்பது என்றால் ஆறைக் கழித்து முன்னால் ச்சூ போடுங்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்றால் ஒன்பதைக் கழித்துக் கோ போடுங்கள். எட்டாவது ச்சூகக்கு நிநென்ஸே. பேச்சில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை, "ச்சூநி" என்றே முடித்துவிடுவார்கள். ஏழு ச்சூஇச்சி, எட்டு ச்சூநி, ஒன்பது ச்சூஸன். பத்து கோஇச்சி, ப்ளஸ் ஒன் கோநி, ப்ளஸ் டூ கோஸன். நாம் ப்ளஸ் டூ என்று சுருக்கியதைப் போலத்தான் இதுவும், காதுக்குப் பழகிவிட்டால் நீளமான வடிவம் வாயில் வராது. தொடக்கப் பள்ளிக்கும் ஷோஇச்சி, ஷோநி என்று உண்டு. ஆனால் சின்னப் பிள்ளையைப் பார்த்தாலே ஷோகக்கோ என்று தெரிந்துவிடுவதால் வெறும் "இச்சிநென்ஸே" போதும்.

அதற்கும் கீழே எல்கேஜி, யுகேஜி இருக்கிறதே என்றால், மழலையர் பள்ளி யோச்சிஎன், வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்கான காப்பகம் ஹொயிக்குஎன். அங்கே வகுப்பு எண் கிடையாது. மூன்று வயது முடிந்தவர்கள் நென்ஷோ, நாலு முடிந்தவர்கள் நென்ச்சூ, ஐந்து முடிந்தவர்கள் நென்ச்சோ. சிறியவர், இடைப்பட்டவர், பெரியவர். நென்ச்சோ பிள்ளைகள் அந்த வருஷம் முழுக்கக் காட்டும் பெரிய மனுஷத் தோரணையைப் பார்க்க வேண்டும். அடுத்த ஏப்ரலில் இச்சிநென்ஸே ஆகி மறுபடி பொடிசு ஆகிவிடுவார்கள்.

உச்சரிப்பில் மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும். கக்கோ என்பதன் முதல் ஒலி கணேசன் என்பதில் வருகிற மாதிரி, கல் என்பதில் வருகிற மாதிரி இல்லை. அடுத்து நெடில். நமக்கு ஒகரமும் ஓகாரமும் பிறந்ததிலிருந்தே தனித்தனி. இதில் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் படும் பாடு நமக்கு இல்லை. கோக்கோ மேல்நிலைப் பள்ளி, கொக்கொ என்றால் இங்கே. நீட்டவேண்டிய இடத்தில் முழுசாக நீட்டுங்கள், கூச்சம் வேண்டாம். மூன்றாவது, நாலு. இந்த ஒரு எண் மூன்று வேஷம் போடும். நாலாம் வகுப்பு யொநென்ஸே. நாலாவது பிரிவு யொன்குமி. நாலாவது மாதமான ஏப்ரல் ஷிகட்ஸு. "ஷிகட்ஸு கரா யொநென்ஸே நி நரிமஸ்", ஏப்ரலிலிருந்து நாலாம் வகுப்புக்குப் போகிறாள் என்ற ஒரே வாக்கியத்தில் இரண்டு வேஷம் வந்துவிடும். விதி எதையும் தேடாதீர்கள். வாக்கியமாகவே சொல்லிச் சொல்லிப் பழகுங்கள். மற்றபடி ஒன்றிலிருந்து ஆறு வரை இச்சி, நி, ஸன், யொ, கொ, ரொக்கு. இந்தக் கொ கணேசன் வகை.

பாடப் புத்தகத்தில் மாணவர் என்பதற்குக் கக்குஸே என்று ஒரே சொல் கொடுத்திருப்பார்கள். அதை நம்பி "முஸுமே வ கக்குஸே தெஸ்", என் மகள் மாணவி, என்றால் கேட்பவர் மனதில் கல்லூரிப் பெண் வந்துவிடுவாள். சட்டமே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை ஜிதோ என்றும், நடுநிலை, மேல்நிலை மாணவர்களை ஸேத்தோ என்றும், பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களைக் கக்குஸே என்றும் பிரித்து வைத்திருக்கிறது. பள்ளியிலிருந்து வரும் கடிதங்களில் ஜிதோ என்ற எழுத்துகளைப் பார்த்தால் அது நம் பிள்ளையைப் பற்றித்தான். பேச்சுக்கு அவ்வளவு வேண்டாம், பள்ளியின் பெயரோடு ஒட்டிய ஷோகக்குஸே, ச்சூகக்குஸே, கோக்கோஸே, தைகக்குஸே போதும். பஸ் கட்டணப் பலகையிலும் அருங்காட்சியக டிக்கெட் ஜன்னலிலும் இவைதான் எழுதியிருக்கும்.

எங்கள் வீட்டில் இந்த விஷயம் பெரிதானது மகளைப் பள்ளியில் சேர்த்தபோது. வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு இங்கே கட்டாயக் கல்விச் சட்டம் பொருந்தாது. ஆனால் சேர்க்க விரும்புகிறோம் என்று சொன்னால் அரசுப் பள்ளியில் இடம் உண்டு, கல்விக் கட்டணமும் பாடப் புத்தகச் செலவும் கிடையாது. வார்டு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தோம். கோவையில் அவள் இரண்டாம் வகுப்பை முடித்துவிட்டாள், ஜூனில் பள்ளி திறந்தால் மூன்றாவது. இங்கே நிநென்ஸே, அதாவது இரண்டாம் வகுப்பு என்றார்கள்.

ஊரில் அப்பாவிடம் வீடியோவில் சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது.

"ஏங்கண்ணு, பாப்பாவை ஃபெயில் ஆக்கிட்டாங்களா?"

"இல்லீங்கப்பா, இங்கே வயசை வச்சுத்தான் வகுப்பு."

"கணக்குல நூத்துக்கு நூறு வாங்கற புள்ளை. நீ எடுத்துச் சொல்ல வேண்டியதுதானே?"

எடுத்துச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஏப்ரல் 2ஆம் தேதியிலிருந்து அடுத்த ஏப்ரல் 1ஆம் தேதிக்குள் பிறந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே வகுப்பு. ஆறு வயது நிரம்பிய பிறகு வரும் ஏப்ரலில்தான் இச்சிநென்ஸே. நம் ஊரில் ஐந்தரை வயதிலேயே ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்துவிடும் பிள்ளைகள் நிறைய. அக்டோபரில் பிறந்த என் மகளும் அப்படித்தான். புத்திசாலி என்பதற்காக ஒரு வகுப்பு ஏற்றுவதும் கிடையாது, படிப்பு வரவில்லை என்று தொடக்கப் பள்ளியில் நிறுத்தி வைப்பதும் நடைமுறையில் கிடையாது. வெளிநாட்டுப் பிள்ளைக்கு மொழி சுத்தமாகத் தெரியாவிட்டால் தற்காலிகமாக ஒரு வகுப்பு கீழே உட்கார வைக்கப் பள்ளிக்கு அனுமதி உண்டு. தேவை என்று தோன்றினால் பெற்றோரே அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

என் கருத்தைக் கேட்டால், அந்த ஒரு வருஷத்தைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். கணக்கில் தெரிந்ததையே மறுபடி செய்ததால் மொழிக்கு அவளுக்கு நேரம் கிடைத்தது. ஊருக்குத் திரும்பினால் மாற்றுச் சான்றிதழில் என்ன வகுப்பு போடுவார்கள் என்ற கேள்வி வேறு. அதற்குப் பிறந்த தேதியையும் முடித்த ஆண்டுகளையும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

ஏப்ரல் 1 ஏன் முந்தைய வகுப்பில் சேர்கிறது என்று எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. 1902ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி ஒருவருக்கு வயது கூடுவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் முடியும் கணத்தில். அப்படியானால் ஏப்ரல் 1 குழந்தைக்கு மார்ச் 31லேயே ஆறு நிரம்பிவிடுகிறது. ஆகவே அது வகுப்பிலேயே கடைக்குட்டி. ஏப்ரல் 2இல் பிறந்த குழந்தைதான் மூத்தது, இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரு வருஷ வித்தியாசம். ஜனவரி முதல் நாளிலிருந்து ஏப்ரல் முதல் நாள் வரை பிறந்தவர்களை ஹயாஉமரே என்பார்கள். அம்மாக்கள் பேச்சில் இது அடிக்கடி வரும். "உச்சி நொ கொ வ ஹயாஉமரே தெஸ்", எங்கள் பிள்ளை ஹயாஉமரே என்று ஒருவர் சொன்னால், உயரத்திலும் ஓட்டத்திலும் கொஞ்சம் பின்தங்கியிருப்பது வயசுக் கணக்கால்தான் என்று சொல்லாமல் சொல்கிறார்.

பள்ளிக்குள் போனதும் அடுத்தது குமி, அதாவது பிரிவு. நமக்கு ஏ, பி, சி. இங்கே ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டாம் வகுப்பு மூன்றாம் பிரிவு என்றால் "நிநென் ஸன்குமி". கவனித்தீர்களா, இங்கே ஸே காணாமல் போய்விட்டது. நிநென்ஸே என்பது அந்த வகுப்பில் இருக்கும் பிள்ளை, நிநென் என்பது வகுப்பு. உடற்பயிற்சி உடை, தொப்பி, உள்ளே போடும் காலணி, கணக்குப் பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு குச்சி வரைக்கும் பெயர் எழுதச் சொல்வார்கள். பல பொருள்களில் வகுப்பும் குமியும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும். ஏப்ரலில் குமி மாறினால் எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டும். துணி நாடாவில் எழுதி ஒட்டிவிட்டால் அடுத்த வருஷம் நாடாவை மட்டும் மாற்றலாம்.

குமி கட்டாயம் வாயில் வரவேண்டிய இடம் காய்ச்சல் நாளின் காலை. இப்போது நிறையப் பள்ளிகளில் செயலியில் பதிவு செய்தால் போதும், ஆனால் அது வேலை செய்யாத நாளில் போன்தான். எடுப்பவர் வகுப்பு ஆசிரியராக இருக்க மாட்டார், அலுவலகத்தில் யாரோ எடுப்பார்கள், பின்னால் பத்துக் குரல் கேட்கும். நான் இந்த வாக்கியத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருந்தேன்: "நிநென் ஸன்குமி நொ", இங்கே பிள்ளையின் பெயர், "நொ ஹஹ தெஸ். க்யோ வ நெட்ஸு க அரு நொதெ யஸுமிமஸ்." இன்ன வகுப்பு இன்ன பிள்ளையின் அம்மா பேசுகிறேன், இன்று காய்ச்சல், விடுப்பு. வகுப்பு முதலில், குமி அடுத்து, பெயர் கடைசியில். பெயருக்குப் பின்னால் மரியாதைக்குப் போடும் ஸன் சேர்க்க வேண்டாம், நம் பிள்ளைக்கு நாமே மரியாதை கொடுப்பது இங்கே வழக்கமில்லை. எண்கள் முதலில் போய்விட்டால், நம் ஊர்ப் பெயர் அவர்களுக்குப் பிடிபடாவிட்டாலும் எந்தக் குழந்தை என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

சில சொற்கள் காலை வாரும். நூலக அலமாரியிலும் பள்ளி அறிவிப்பிலும் தேகக்குநென், ச்சூகக்குநென், கோகக்குநென் என்று பார்ப்பீர்கள். ச்சூ, கோ என்றதும் நடுநிலை, மேல்நிலைப் பள்ளி என்று மனம் தாவும். இல்லை, மூன்றுமே தொடக்கப் பள்ளிக்குள்தான். ஒன்றும் இரண்டும் கீழ்வகுப்பு, மூன்றும் நான்கும் நடு, ஐந்தும் ஆறும் மேல். நீச்சல் வகுப்பு கோகக்குநெனுக்கு மட்டும் என்றால் ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு.

மதிப்பெண்ணுக்கு வருவோம். மகள் கொண்டுவந்த முதல் கணக்குத் தாளில் பக்கம் முழுக்கச் சிவப்பு வட்டங்கள், மேலே ஹ்யக்குதென், நூறு மதிப்பெண் என்று எழுதியிருந்தது. இங்கே சரியான விடைக்கு வட்டம், அது மரு. நாம் சரி என்று போடும் டிக் குறி இருக்கிறதே, அதைத் தவறான விடைக்குத்தான் போடுவார்கள். தவறுக்கு பெருக்கல் குறியும் உண்டு, அதன் பெயர் பட்ஸு. ரொம்ப நன்றாகச் செய்திருந்தால் வட்டத்தைச் சுழித்து இதழ்கள் வரைந்து பூவாக்கிவிடுவார்கள், அது ஹனமரு. தாத்தாவுக்குப் படம் எடுத்து அனுப்பும்போது இதை விளக்கிவிட்டு அனுப்புங்கள். நான் அனுப்பிய ஒரு தாளில் இரண்டு டிக்கைப் பார்த்து, "ரெண்டுதான் சரியா, மீதிக்கெல்லாம் முட்டையா?" என்று கேட்டார்.

வருஷம் பெரும்பாலான பள்ளிகளில் மூன்று பருவம். பருவத்துக்குப் பெயர் கக்கி. (எங்கள் வீட்டில் இந்தச் சொல்லுக்குக் கிளம்பிய சிரிப்பு இன்னும் ஓயவில்லை.) ஏப்ரலிலிருந்து ஜூலை வரை இச்சிகக்கி, கோடை விடுமுறை முடிந்து டிசம்பர் வரை நிகக்கி, ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஸன்கக்கி. இரண்டு பருவமாக நடத்தும் பள்ளிகளும் உண்டு. பருவ முடிவில் வரும் மதிப்பெண் பட்டியல் ட்சூச்சிஹ்யோ. தொடக்கப் பள்ளியில் அதற்கு அயுமி என்று அழகான பெயர் வைத்திருக்கும் பள்ளிகள் பல, நடந்து வந்த தடம் என்கிற மாதிரி.

அதைத் திறந்ததும் நம் கண் தானாக மொத்தத்தையும் ரேங்கையும் தேடும். இரண்டும் இருக்காது. என் மகளின் பள்ளியில் பாடத்துக்குப் பாடம் சில வரிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகளில் ஒன்று: நன்றாகச் செய்கிறாள், செய்கிறாள், இன்னும் கொஞ்சம். அறிவும் திறனும் ஒரு வரி, யோசித்து வெளிப்படுத்துவது ஒரு வரி, தானாக முன்வந்து படிக்கும் மனப்பாங்கு ஒரு வரி. வகுப்பில் எத்தனையாவது என்று கேட்டால் ஆசிரியருக்கு அந்தக் கேள்வியே புரியாது. மொழி தெரியாததால் புரியவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

ஆசிரியரோடு தனியாக உட்கார்ந்து பேசும் நாள் கொஜின் மென்தன். பத்துப் பதினைந்து நிமிஷம்தான் தருவார்கள், வெளியே அடுத்த அம்மா காத்திருப்பார். இங்கே படிப்பு எப்படி என்பதற்கு ஸேஸெக்கி, அதாவது மதிப்பெண் நிலை, என்ற சொல்லைப் பயன்படுத்தலாம், ஆனால் "ஸேஸெக்கி வ தோ தெஸ்கா?" என்று பொதுவாகக் கேட்டால் "கம்பத்தே இமஸ்" என்று பதில் வரும். முயற்சி செய்கிறாள். கேட்க இதமாக இருக்கும், கையில் ஒன்றும் மிஞ்சாது. இரண்டு கேள்விகள்தான் எனக்குப் பலன் தந்தன. "நனி க நிகத்தெ தெஸ்கா?" எதில் தடுமாறுகிறாள்? "இஎ தெ நனி ஒ ஷித்தரா ஈ தெஸ்கா?" வீட்டில் என்ன செய்தால் நல்லது? இரண்டாவதைக் கேட்டதும் ஆசிரியர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து நோட்டை எடுத்துக் காட்டுவார்கள். எங்களுக்கு வந்த பதில், மூன்றாம் வகுப்புக் கன்ஜியை, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகளை, தினமும் ஐந்து எழுத வையுங்கள் என்பது. அந்த ஒரு வரிக்காக அந்தப் பதினைந்து நிமிஷம் தகும்.

ச்சூகக்கோ போனதும் இந்த இதமெல்லாம் போய்விடுகிறது. எங்கள் மாடியில் ஒரு குடும்பம், பையன் ச்சூஸன். அவன் அம்மா வகுப்பைச் சொன்ன விதத்திலேயே பெருமூச்சு கேட்டது. நம் ஊரில் ப்ளஸ் டூ என்று சொன்னதும் எதிரே இருப்பவர் முகத்தில் வரும் அதே அனுதாபம் இங்கே ச்சூஸனுக்கு வரும். ஏனென்றால் கட்டாயக் கல்வி ஒன்பது வருஷத்தோடு முடிகிறது. கோக்கோவில் இடம் பிடிக்க நுழைவுத் தேர்வு உண்டு. அது ஜுக்கென், எழுதும் பிள்ளை ஜுக்கென்ஸே.

அவர்களிடமிருந்துதான் நைஷின், அதாவது கோக்கோ சேர்க்கைக்குச் சேர்த்துக்கொள்ளும் பள்ளி மதிப்பெண், கணக்கைத் தெரிந்துகொண்டேன். ச்சூகக்கோவில் ஒன்பது பாடம், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பு, ஆக மொத்தம் 45. இந்த ஒன்பதில் இசையும் ஓவியமும் உடற்பயிற்சியும் அடக்கம். எங்கள் கனகாவா மாகாணத்தில் இரண்டாம் ஆண்டின் 45ஐயும், மூன்றாம் ஆண்டின் 45ஐ இரட்டிப்பாக்கி 90ஐயும் சேர்த்து 135க்குக் கணக்குப் போடுகிறார்கள். அதாவது ச்சூநியிலேயே ஆட்டம் தொடங்கிவிடுகிறது. டோக்கியோவில் கணக்கு வேறு, அங்கே மூன்றாம் ஆண்டு மட்டும்தான், ஆனால் இசை, ஓவியம் போன்ற நான்கு பாடங்களுக்கு இரட்டை மதிப்பு, மொத்தம் 65. ஆற்றைத் தாண்டினால் விதி மாறுகிறது. ச்சூஇச்சி வயதில் பிள்ளையோடு வருகிறவர்கள் வீடு பார்க்கும் முன்பே அந்த மாகாணத்தின் நைஷின் விதியைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டுக்கும் ஓவியத்துக்கும் என்ன பெரிய மதிப்பு என்று நினைத்துவிட்டால் அங்கேதான் அடி விழும்.

அதே மாடியில் இருக்கும் தாத்தா ஒருவர் தன் காலத்தில் ஐந்து வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்வார். அப்போது வகுப்பில் மேலே இருக்கும் 7 சதவீதத்துக்குத்தான் ஐந்து, அடுத்த 24 சதவீதத்துக்கு நாலு, நடுவில் 38 சதவீதத்துக்கு மூன்று என்று பங்கு போட்டுத்தான் கொடுப்பார்களாம். 2002இல் அதை மாற்றி, பாடத்தின் இலக்கை எட்டியவர் யாராக இருந்தாலும் ஐந்து என்று ஆக்கினார்கள். அதற்குப் பிறகும் ஒப்பீடு ஒழியவில்லை, ஹென்ஸச்சி என்ற பெயரில் டியூஷன் மையங்களில் உட்கார்ந்திருக்கிறது. தேர்வு எழுதியவர்களின் சராசரியை 50 என்று வைத்து, மேலே கீழே எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்று காட்டும் எண் அது. 60 என்றால் நன்றாகவே முன்னால். இதை நூற்றுக்கு எடுத்த மதிப்பெண் என்று நினைத்துக்கொண்டு "50தானா?" என்று கேட்டுவிடக் கூடாது, 50 என்பது நடு.

ச்சூஸன் என்று யாராவது சொன்னால் "தைஹென் தெஸ் நே", கஷ்டமான வருஷம்தான் என்று சொல்லி நிறுத்திக்கொள்வது போதும். எந்தப் பள்ளிக்கு எழுதுகிறான், கிடைத்ததா என்று மார்ச்சில் போய்க் கேட்பதை நான் தவிர்த்துவிடுவேன். கிடைத்திருந்தால் அவர்களாகவே சொல்வார்கள்.

பெரியவர்கள் உலகத்துக்கும் இந்தக் கணக்கு கூடவே வருகிறது. கணவரின் அலுவலகத்தில் இரண்டு பேர் ஒரே வருஷம் பிறந்தவர்கள். ஒருவர் பிப்ரவரி, இன்னொருவர் ஜூன். நமக்கு ஒரே வயசு, ஒரே செட்டு. அவர்களுக்கு அப்படி இல்லை, பிப்ரவரிக்காரர் ஹயாஉமரே என்பதால் ஒரு கக்குநென், ஒரு வகுப்பு மேலே. ஸெம்பை என்று அழைக்க வேண்டிய மூத்தவர் அவர்தான் என்று சாப்பாட்டு மேஜையில் விளையாட்டாகவும் கொஞ்சம் நிஜமாகவும் பேசிக்கொண்டார்களாம். கல்லூரிப் படிப்பை முடித்தவர் தைஸொட்ஸு, மேல்நிலைப் பள்ளியோடு வேலைக்கு வந்தவர் கோஸொட்ஸு. வேலை விளம்பரங்களில் இவை வரும். தேர்வில் இடம் கிடைக்காமல் அடுத்த வருஷத்துக்காகப் படிப்பவர் ரோனின், கல்லூரியில் அதே ஆண்டில் தங்கிவிடுவது ர்யூநென். ஆராய்ச்சி மாணவர்களாக இங்கே வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் முதுகலை முதலாண்டை எம்இச்சி என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், அதைப் போலவே இளங்கலை நாலாமாண்டு பீயொன்.

எனக்கு நட்புகள் கிடைத்ததும் இந்தப் பேச்சின் வழியாகத்தான். பூங்காவில் வகுப்பைச் சொன்னதும் எதிரே இருப்பவர் "உச்சி தொ ஒனஜி!", எங்கள் வீட்டிலும் அதேதான் என்றால் கதவு திறந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து எந்தக் குமி, எந்த ஆசிரியர், வீட்டுப்பாடம் நிறையவா என்று போகும். அந்த இடத்தில் நீங்களும் திருப்பிக் கேட்க வேண்டும், பேசாமல் சிரித்துக்கொண்டு நிற்கக் கூடாது. அவர்கள் பிள்ளையைக் குறிக்க "ஒக்கொஸன் வ நன்னென்ஸே தெஸ்கா?" நம் பிள்ளைக்கு முஸுமே அல்லது முஸுக்கொ, அவர்கள் பிள்ளைக்கு ஒக்கொஸன். இதை மாற்றிப் போடாமல் இருந்தால் போதும், இலக்கணம் முன்னே பின்னே இருந்தாலும் யாரும் கண்டுகொள்வதில்லை.

குழப்பமான காலம் ஒன்று உண்டு. மார்ச் கடைசியில் ஆண்டு முடிந்து, புது ஆண்டு ஏப்ரல் முதல் வாரத்துக்கு மேல் தொடங்கும். நடுவில் இருக்கும் விடுமுறையில் யாராவது கேட்டால் பழைய வகுப்பைச் சொல்வதா, புதியதையா? "கொன்தொ யொநென்ஸே தெஸ்", இனி நாலாவது, என்று சொல்வார்கள். ஏப்ரல் பிறந்ததும் கொன்தொவை எடுத்துவிடலாம். டியூஷன் மையங்களுக்கு மட்டும் இந்த நாள்காட்டி பொருந்தாது. ஜனவரியிலேயே "ஷின் யொநென்ஸே", புதிய நாலாம் வகுப்பு, என்று தபால் பெட்டியில் துண்டுச் சீட்டு விழ ஆரம்பிக்கும். சில ச்சூகக்கோக்கள் வைக்கும் நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்யும் மையங்கள் புது ஆண்டைப் பிப்ரவரியிலேயே தொடங்கிவிடுகின்றன. அந்தச் சீட்டு இப்போது மூன்றாவது படிக்கும் பிள்ளைக்கு. நாலாவது படிக்கும் பிள்ளையின் அம்மா அதைப் பார்த்துவிட்டு போன் செய்தால், உங்கள் பிள்ளைக்கு ஷின் கொநென்ஸே சீட்டு வேறாக இருக்கிறது என்று பணிவாகச் சொல்லி, அதோடு விலைப்பட்டியலையும் அனுப்பி வைப்பார்கள்.